தாகத்திற்கு முன்பே வரும் சாட்சி

ஓர் இல்லத்தைச் சற்றே மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அங்கே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். அவ்வாண்டுதான் முதன்முறையாக நோன்பு நோற்கத் தொடங்கியிருக்கிறான். மாலையில் நோன்பு திறந்ததும் செம்பு செம்பாகத் தண்ணீர் அருந்துகிறான். "பகலெல்லாம் தாகித்திருந்த பிள்ளை, வயிறாரக் குடிக்கட்டும்" என்கிறார்கள் பெரியவர்கள். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறான். "அவ்வளவு தண்ணீர் குடித்தால் போகாதா?" என்று சமாதானம் சொல்லிக் கொள்கிறார்கள். உடல் மெலிகிறது. "நோன்பில் இளைத்துவிட்டான், பெருநாளுக்குப் பின் தேறிவிடுவான்" என்று உம்மா தம்மைத் தாமே தேற்றிக் கொள்கிறார்.

பெருநாள் கழிகிறது. தாகம் தணியவில்லை. ஒருநாள் கடுமையான வயிற்றுவலியும் வாந்தியும் வருகின்றன. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதிக் கைமருந்து கொடுக்கிறார்கள். மறுநாள் மூச்சு வாங்குகிறது, கண்கள் செருகுகின்றன. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்த பிறகுதான் உண்மை வெளிப்படுகிறது. பிள்ளைக்குச் சர்க்கரை நோய்! "நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளையாயிற்றே!" என்று வாப்பா கதறுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். எனினும் இதன் ஒவ்வொரு கூறும் பற்பல ஊர்களின் மருத்துவமனைகளில் நாளும் நிகழ்ந்துகொண்டிருப்பதே. அந்த வாப்பாவின் கதறலுக்கு மருத்துவ அறிவியல் இன்று ஒரு விடை வைத்திருக்கிறது. பிள்ளை நேற்றுவரை நன்றாக இருக்கவில்லை என்பதே அவ்விடை. மாதக்கணக்காக, பெரும்பாலும் ஆண்டுக்கணக்காக, அவன் உடலுக்குள் ஓசையின்றி ஓர் அழிவு நடந்துகொண்டிருந்தது. அதற்குச் சாட்சிகளும் இருந்தன. அவை அவனுடைய இரத்தத்தில் உலவிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் அழைத்து விசாரிக்கவில்லை, அவ்வளவே.

அந்தச் சாட்சிகள் யாவை, அவை எதைச் சொல்கின்றன, அவற்றைக் கேட்டறிவதால் நமக்கு ஆவது என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெயர் ஒன்று, நோய் இரண்டு

சர்க்கரை நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது நாற்பது வயதைக் கடந்தோர்க்கு வரும் நோய்தான். பருத்த உடல், உழைப்பின்மை, பரம்பரை ஆகியவற்றோடு அதற்குத் தொடர்புண்டு. அங்கே இன்சுலின் சுரக்கிறது. ஆனால் உடல் அதற்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. இதனை இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்பர்.

நம் கதைச் சிறுவனுக்கு வந்தது முதல் வகை. கணையத்தினுள் ஆங்காங்கே சிறு சிறு திட்டுகளாக உயிரணுக் கூட்டங்கள் உள்ளன. 1869-ஆம் ஆண்டு பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் அவற்றை முதன்முதலில் கண்டு எழுதியதால் அவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படுகின்றன. அத்திட்டுகளிலுள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரப்பவை. முதல் வகை நோயில் இந்தப் பீட்டா உயிரணுக்கள் அழிந்துபோகின்றன. இன்சுலின் வறண்டுவிடுகிறது. இன்சுலின் இல்லையேல் உண்ட உணவின் சர்க்கரை உயிரணுக்களுக்குள் நுழைய இயலாது இரத்தத்திலேயே தேங்குகிறது, சிறுநீரில் வழிகிறது. நீர் வெளியேறுவதால் தாகம் மிகுகிறது. பசித்த உடல் தன் கொழுப்பைத் தானே எரிக்கத் தொடங்குகிறது. அதனால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் இரத்தத்தை நஞ்சாக்குகின்றன. வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த மூச்சு, மயக்கம் ஆகியவை அந்நிலையின் அடையாளங்கள். உடனே கவனிக்காவிடில் உயிர் தப்புவது அரிது.

1922-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு மரணம் ஒன்றே முடிவாயிருந்தது. இன்சுலின் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் பீட்டா உயிரணுக்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் விடையின்றியே நின்றது.

காவலரே கைவைத்தால்...

நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. அப்படையின் வெள்ளணுக்களில் ஒருசாரார் நேரடியாகப் பகையை அழிப்பவர்கள். இவற்றை டி அணுக்கள் என்பர். மற்றொரு சாரார் பி அணுக்கள். இவை ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. ஒவ்வோர் எதிர்ப்பொருளும் ஒரு குறிப்பிட்ட பகைப் பொருளை மட்டுமே அடையாளம் கண்டு பற்றக்கூடியது. பூட்டுக்கேற்ற சாவி போல!

இக்காவற்படையின் தலையாய கடமை, தன்னவர் யார், அந்நியர் யார் எனப் பிரித்தறிவது. அந்தப் பகுத்தறிவு சிலரிடம் பிறழ்ந்துவிடுகிறது. சொந்த வீட்டாரையே கள்வரென்று கருதிக் காவலர் தாக்கத் தொடங்குகின்றனர். அவ்வாறு தன் உடலின் பொருளுக்கு எதிராகவே உருவாகும் எதிர்ப்பொருளுக்கு ஆட்டோ ஆன்டிபாடி என்று பெயர். நாம் அதனைத் தன்னெதிர்ப்பொருள் என்போம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். பீட்டா உயிரணுக்களை அழிக்கும் கொலைத் தொழிலைச் செய்பவை பெரும்பாலும் டி அணுக்களே. தன்னெதிர்ப்பொருள்கள் கொலைகாரர்கள் அல்லர்; கொலை நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகள். இதற்கு எளியதோர் ஆதாரமும் உண்டு. முதல் வகை நோயுள்ள தாயின் இரத்தத்திலுள்ள இந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் செல்கின்றன. ஆனால் அதனால் மட்டும் அக்குழந்தைக்கு நோய் வருவதில்லை. சில மாதங்களில் அவை தாமே மறைந்துவிடுகின்றன.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள் நம் முன்னோர். தன்னெதிர்ப்பொருள் புகை. கணையத்தில் எரிவது நெருப்பு. புகை வீட்டை எரிப்பதில்லை. ஆயினும் புகையைக் கண்டவன் நெருப்பை அறிந்துகொள்கிறான்.

புகையைக் கண்டவர்கள்

1965-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், நோய் கண்ட சிறிது காலத்திலேயே மாண்டுபோன இளம் நோயாளிகளின் கணையங்களை ஆராய்ந்தார். அவர்களுள் பெரும்பாலோரின் திட்டுகளில் வெள்ளணுக்கள் மொய்த்திருந்ததைக் கண்டார். காவற்படைக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தை அது வலுப்படுத்தியது.

1974-ஆம் ஆண்டு சாட்சி அகப்பட்டது. லண்டன் மாநகரின் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டெபோரா டோனியாக் என்ற பெண் மருத்துவ அறிஞரோடு பணிபுரிந்த இத்தாலியர் ஜியான் பிராங்கோ பொட்டாசோ. அவர்கள் சில நோயாளிகளின் இரத்த நீரை மனிதக் கணையத்தின் மெல்லிய சீவல்கள்மீது இட்டு, ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தனர். லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் மட்டும் ஒளிர்ந்தன! நோயாளியின் இரத்தத்திலேயே அவர்தம் திட்டுகளுக்கு எதிரான பொருள் இருந்தது என்பதே அதன் கருத்து.

அதன்பின் சாட்சிகள் ஒவ்வொன்றாகப் பெயரோடு அறியப்பட்டன. அமெரிக்காவில் ஜெர்ரி பால்மரும் உடனுழைத்தோரும் 1983-இல் ஒரு வியப்பைக் கண்டனர். ஒருமுறைகூட இன்சுலின் ஊசி போடாத புதிய நோயாளிகளின் இரத்தத்தில் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. தம் உடல் சுரந்த இன்சுலினையே அவர்தம் காவற்படை பகையாகக் கொண்டுவிட்டது.

மற்றொரு சாட்சியின் வரலாறு இன்னும் சுவையானது. 1982-இல் டென்மார்க்கில் ஸ்டெய்னுன் பெக்கெஸ்கோவ் என்ற பெண் ஆய்வாளர், நோயாளிகளின் எதிர்ப்பொருள் பற்றும் ஒரு புரதத்தைக் கண்டார். அது இன்னதென்று எட்டாண்டுகள் விளங்கவில்லை. இதற்கிடையில் உடல் விறைத்துப்போகும் அரியதொரு நரம்பு நோயுடையோரிடம், மூளையில் ஒரு வேதிப்பொருளை உருவாக்கும் ஜி.ஏ.டி. என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பது தெரியவந்தது. அந்நோயாளிகள் பலருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்த்தபோது புதிர் அவிழ்ந்தது. 1990-இல் அப்புரதம் அந்த ஜி.ஏ.டி. நொதியே என்று மெய்ப்பிக்கப்பட்டது. மூளைக்கு வேண்டிய அந்த நொதி பீட்டா உயிரணுக்களிலும் இருக்கிறது!

தொண்ணூறுகளில் ஐ.ஏ.2 என்ற புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருளும், 2007-இல் பீட்டா உயிரணுவினுள் துத்தநாகத்தைக் கடத்தும் புரதத்திற்கு எதிரானதும் அறியப்பட்டன. இன்று மருத்துவர்கள் முக்கியமாகத் தேடுவது இந்த நான்கினையே: இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.2, துத்தநாகக் கடத்தி.

ஒன்றா, இரண்டா?

சாட்சி இருப்பது சரி. அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம்? நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் கூற்றைவிட, ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகளின் கூற்றுக்கு மதிப்பு மிகுதியன்றோ? இங்கும் அவ்வாறே.

பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய இடங்களில் நோய் வரும் வாய்ப்பு மிகுந்த பரம்பரைக் கூறுடைய குழந்தைகளைப் பிறந்தது முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 13,377 பிள்ளைகளின் விவரங்களைத் தொகுத்து 2013-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது சொன்ன கணக்கு இது. எந்த எதிர்ப்பொருளும் தோன்றாத பிள்ளைகளுள் 15 வயதிற்குள் நோய்க்கு ஆளானவர்கள் 0.4 சதவீதம். ஒரே ஒரு எதிர்ப்பொருள் தோன்றியவர்களுள் 10 ஆண்டுகளில் நோய்க்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவை தோன்றியவர்களுள் 10 ஆண்டுகளில் நோய்க்கு ஆளானவர்களோ ஏறத்தாழ 70 சதவீதம்! அதற்குப் பின்னும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே சென்றது.

எனவே ஒற்றை எதிர்ப்பொருள் என்பது எச்சரிக்கை மட்டுமே. அது சிலரிடம் மறைந்தும் போகிறது. இரண்டு இருப்பின், நோய் தொடங்கிவிட்டது என்றே இன்றைய மருத்துவம் கொள்கிறது. 2015-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் இந்நோயை மூன்று படிகளாக வகுத்தன. இரண்டு எதிர்ப்பொருள்கள் இருந்து சர்க்கரை அளவு இயல்பாக இருப்பது முதற்படி. அளவு சற்றே தடுமாறத் தொடங்குவது இரண்டாம் படி. தாகமும் மெலிவும் தோன்றுவது மூன்றாம் படி. நாம் இதுகாறும் நோயின் தொடக்கம் என்று எண்ணியிருந்தது மூன்றாம் படியை என்பதை எண்ணிப் பாருங்கள்!

இவ்வழிவு மிக இளமையிலேயே தொடங்குகிறது என்பதும் இவ்வாய்வுகளால் தெரியவந்தது. ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுக்குள் பல குழந்தைகளிடம் முதல் எதிர்ப்பொருள் தலைகாட்டிவிடுகிறது. மிக இளையோரிடம் பெரும்பாலும் இன்சுலினுக்கு எதிரானதே முதலில் வருகிறது. அதனால் இரண்டு வயதில் ஒருமுறையும் ஆறு வயதில் ஒருமுறையும் இரத்தத்தைச் சோதித்தால், 15 வயதிற்குள் நோய் வரவிருக்கும் பிள்ளைகளுள் ஐவரில் நால்வரை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்று 2022-இல் வெளியான ஒரு கணிப்பு தெரிவிக்கிறது.

பவேரியாவில் நடந்தது

இந்த அறிவு ஆய்வுக்கூடத்திலிருந்து தெருவிற்கு வந்த இடம் ஜெர்மனியின் பவேரியா மாநிலம். அங்கே 2015 பிப்ரவரியில், பேராசிரியை அனெட் கேப்ரியல் சீக்ளர் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. வழக்கமான உடல்நலப் பரிசோதனைக்காகக் குழந்தை மருத்துவரிடம் வரும் பிள்ளைகளிடம், பெற்றோர் இசைந்தால், விரல் நுனியிலிருந்து சில துளி இரத்தம் எடுத்தனர். குடும்பத்தில் யாருக்கேனும் நோய் உண்டா என்று பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? முதல் வகை நோய் காணும் பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேர் போல, நெருங்கிய உறவில் அந்நோய் எவர்க்கும் இல்லாத குடும்பத்தினரே! "எங்கள் பரம்பரையில் இல்லை" என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

2019 மே வரை 90,632 பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 280 பேரிடம் இரண்டு அல்லது மேற்பட்ட எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. ஆயிரத்திற்கு மூவர் என்ற கணக்கு. அப்பெற்றோர்களுக்குத் தாகம், சிறுநீர், மெலிவு ஆகிய அடையாளங்களைப் பற்றியும், சர்க்கரை அளவைப் பார்க்கும் முறை பற்றியும் பாடம் நடத்தப்பட்டது. அதன் பயன் என்ன? பின்னர் அவர்களுள் நோய் முற்றி வெளிப்பட்டவர்களில் இரத்தம் நஞ்சாகிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் 5 சதவீதத்திற்கும் குறைவு. இத்தகைய பரிசோதனை இல்லாத நிலையில் அதே ஜெர்மனியில் ஐவரில் ஒருவராவது அந்த ஆபத்தான நிலையில்தான் வருகின்றனர்.

எண்ணிப் பாருங்கள்! எந்தப் புது மருந்தும் கொடுக்கப்படவில்லை. பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் என்பது ஒன்றே அப்பிள்ளைகளை மரண வாயிலிலிருந்து விலக்கி வைத்தது. இதன் பின்னர் இத்தாலி நாடு 2023-இல் ஒரு சட்டமே இயற்றி, ஒன்று முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைப் பொதுத் திட்டமாக்க முனைந்தது.

தள்ளிப்போட முடியுமா?

நெருப்பைக் கண்ட பின் அணைக்க முடியாதா என்று கேட்பீர்கள். நெடுங்காலம் ஏமாற்றமே மிஞ்சியது. எதிர்ப்பொருளுடைய உறவினர்களுக்குச் சிறிதளவு இன்சுலினை முன்கூட்டியே செலுத்திப் பார்த்தனர். 2002-இல் வெளிவந்த முடிவு பயனில்லை என்றது. நிகோடினமைடு என்ற வைட்டமின் வகையைக் கொடுத்துப் பார்த்தனர். 2004-இல் அதுவும் பயனற்றதென்று தெரிந்தது.

2019-இல் முதல் நம்பிக்கை பிறந்தது. டி அணுக்களின் வேகத்தைத் தணிக்கும் டெப்லிசுமாப் என்ற மருந்தை, இரண்டாம் படியில் இருந்த 76 பேரில் 44 பேருக்குப் பதினான்கு நாட்கள் நரம்பு வழியே செலுத்தினர். எஞ்சிய 32 பேருக்கு மருந்தற்ற நீரையே செலுத்தினர். மருந்து பெறாதோரில் பாதிப்பேர் நோயின் மூன்றாம் படியை அடைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. மருந்து பெற்றோரில் பாதிப்பேர் அதை அடைய ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு இதனை அனுமதித்தது.

"இரண்டாண்டு தள்ளிப்போவதற்கா இவ்வளவு ஆரவாரம்?" என்று சிலர் எண்ணக்கூடும். நாளொன்றுக்கு நான்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பிள்ளைக்கு ஈராண்டில் 2,920 ஊசிகள்! அத்தனையும் குத்தப்படாத ஈராண்டுப் பிள்ளைப்பருவம் எத்துணை அருமையானது என்பதை, நள்ளிரவில் எழுந்து பிள்ளையின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் தாயிடம் கேட்டால் சொல்வார்.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. இம்மருந்து நோயைத் தடுத்துவிடுவதன்று; தள்ளிவைப்பதே. வெளிவந்தபோது ஒருவருக்கான முழு மருந்தின் விலை ஏறத்தாழ 1,94,000 டாலர். நம் போன்றோர் கைக்கெட்டும் தொகையன்று.

அறிவது நல்லதா, அறியாதிருப்பது நல்லதா?

இங்கேதான் மனத்தை உறுத்தும் கேள்வி எழுகிறது. தடுக்க முடியாத நோய் வரப்போகிறது என்று ஓடி விளையாடும் பிள்ளையின் பெற்றோரிடம் சொல்வது கருணையா, கொடுமையா?

பவேரியா ஆய்வாளர்கள் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. தாய்மார்களின் மனநிலையையும் அளந்து பார்த்தனர். தம் பிள்ளைக்கு எதிர்ப்பொருள்கள் உண்டு என அறிந்த தாய்மார்களின் மனச்சுமை, மற்றத் தாய்மார்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஓராண்டு கழித்து அது தணிந்திருந்தது. துயரம் வந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. அறியாமல் இருந்து, ஒருநாள் மூச்சுவாங்கும் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஓடும் துயரத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

நம் சமூகத்தில் இக்கேள்விக்கு இன்னொரு முனையும் உண்டு. பெண் பிள்ளை என்றால், "நாளை சம்பந்தம் பேசும்போது இது தெரிந்தால்?" என்ற அச்சம் பெற்றோரை வாட்டுகிறது. அதனால் நோய் வந்த பின்னும் மறைக்கிறார்கள். ஊசியை ஒளித்து வைக்கிறார்கள். விருந்து வீடுகளில் ஊசி போடாமலே பிள்ளையை உண்ண வைக்கிறார்கள். இது பிள்ளையின் மானத்தைக் காப்பதாக எண்ணி உயிரைப் பணயம் வைப்பதாகும். முதல் வகை நோயுள்ள பெண்கள் தக்க கவனிப்போடு கல்வி கற்கிறார்கள், மணமுடிக்கிறார்கள், நலமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். அத்தகைய தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதே இல்லை. மேலும், நோயுள்ள தந்தையின் பிள்ளைகளைவிட நோயுள்ள தாயின் பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்புக் குறைவு என்பதே மருத்துவர்கள் கண்ட உண்மை. குறை பேசும் நாவுகள் இதனை அறியட்டும்!

"தாய் இனிப்பை அளவின்றிக் கொடுத்தாள்" என்று மருமகளைச் சாடுவோரும் உளர். "கண்ணேறு பட்டது" என்பாரும் உளர். இரண்டும் உண்மையன்று. பீட்டா உயிரணுக்கள் அழியத் தொடங்கியது பிள்ளை இனிப்பு உண்டதால் அன்று. சில பரம்பரைக் கூறுகளோடு, இன்னும் முழுமையாக விளங்காத சுற்றுச்சூழல் தூண்டுதல்களும் சேர்ந்தே காவற்படையைத் தடுமாறச் செய்கின்றன. உருவொத்த இரட்டையர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பரம்பரை மட்டுமே காரணம் அன்று என்பதற்கு இதுவே சான்று. ஆகவே குற்றவாளி வீட்டில் இல்லை, தேடாதீர்கள்.

நம் வீடுகளில் நாம் செய்யக்கூடியவை

பன்னாட்டுச் சர்க்கரை நோய்க் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, இருபது வயதிற்குட்பட்ட முதல் வகை நோயாளிகள் இந்தியாவில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர். பவேரியாவைப் போல எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. எனினும் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு முதல் வகை நோய் இருந்தால், அதன் உடன்பிறந்தோர்க்கு வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் நூற்றுக்கு ஐந்து என்ற அளவைச் சுற்றியதே. அவர்களுக்கு எதிர்ப்பொருள் சோதனை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஜி.ஏ.டி. போன்றவற்றிற்கான சோதனை நம் பெருநகர ஆய்வுக்கூடங்களில் செய்யப்படுகிறது. ஒருமுறை இருப்பதாக வந்தால் உடனே கலங்காமல், மீண்டும் இரத்தம் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லை என்று வந்தாலும் ஆயுளுக்கும் கவலையில்லை என்று எண்ணலாகாது. பின்னாளில் தோன்றலாம், எதிர்ப்பொருள் இன்றியே நோய் வருவோரும் சிலர் உண்டு.

பெரியவர்களுக்கும் இச்சோதனை பயன்படும். மெலிந்த உடலுடைய ஒருவருக்கு முப்பது வயதிற்கு மேல் சர்க்கரை நோய் வந்து, மாத்திரைகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே பயனற்றுப் போகுமானால், அது இரண்டாம் வகையாக இல்லாமல் மெல்ல நகரும் முதல் வகையாக இருக்கக்கூடும். ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் இருந்தால் அது வெளிப்பட்டுவிடும். "பத்தியம் இருக்கவில்லை" என்ற வீண்பழியிலிருந்தும் அவர் விடுபடுவார். உரிய காலத்தில் இன்சுலினும் பெறுவார்.

இவை எதுவும் இயலாதவர்க்கும் ஒன்று இயலும். அதுதான் அடையாளங்களை அறிந்திருப்பது. தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாக உண்டும் மெலிதல், படுக்கை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை மீண்டும் நனைத்தல், சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தல் ஆகியவற்றுள் சில கண்ணில் பட்டால் அன்றே விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பாருங்கள். மூச்சில் பழ வாடையும் வாந்தியும் இருந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்காதீர்கள். நோன்புக் காலமாயினும், தேர்வுக் காலமாயினும், பெருநாளாயினும் காரணம் கற்பிக்காதீர்கள். நோய் உறுதியான பின், "வேரோடு நீக்குகிறேன்" என்று யார் வந்து சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில நாட்களிலேயே பிள்ளை உயிருக்குப் போராட நேரிடும்.

அன்பு வாசகர்களே! நாம் தொடக்கத்தில் கண்ட அந்த வாப்பா, "நேற்றுவரை நன்றாக இருந்தானே" என்று கதறினார். அவர்மீது குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை செம்பைக் கீழே வைக்காமல் தண்ணீர் குடிப்பதை நீங்கள் காணக்கூடும். அப்போது "என்ன தாகமோ!" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாமல், அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்வீர்கள் அல்லவா?